ஏழாம் புள்ளி

இரவு பன்னிரண்டுக்குப் பிறகுதான் டேட்டா மலிவு.
அதனால் என்ட தேடல் முழுக்க
நாய் குரைக்கிற நேரத்தில் நடக்கிறது.

முதலில் ஊரின் பெயரைச் சரியாக எழுதித் தேடினேன்.
பதினான்கு கட்டுரைகள்.
பிறகு ஓர் எழுத்தைப் பிழையாக எழுதினேன்.
இன்னும் ஒன்பது.
எங்களைப் பிழையாக எழுதினவர்களையும்
விட்டுவிட ஏலாது.

கோடைக்கால வேலைக்கு ஓர் ஆய்வுக்குழு வேண்டும்.
அவர்களுக்குக் கோடை என்றால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட்.
எங்களுக்கு அது கச்சான்:
படுவான்கரைப் புழுதியை வாவிக்கு மேலால் தூக்கிவந்து
கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் கொட்டிப்போகும் காற்று.
விண்ணப்பப் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

கட்டுரைகளை வாலிலிருந்து வாசிக்கப் பழகிவிட்டேன்.
பெயர் வரிசையில் கடைசியாக நிற்பவர்
பணம் வைத்திருப்பவர்.
தலையில் நட்சத்திரக்குறி உள்ளவர்
கடிதம் வாங்குபவர்.
நடுவில் நெருக்கியடித்து நிற்பவர்கள்தான்
கை நனைத்தவர்கள்.

சில கதவுகள் முப்பத்தொன்பது டொலர் கேட்டன.
ரூபாயில் மாற்றிப் பார்த்தேன்.
அம்மா எத்தனை சட்டை தைக்க வேண்டுமென்றும் பார்த்தேன்.
பார்க்காமல் விட்டிருக்கலாம்.

இப்போது விரிதாளில் எழுபத்திரண்டு பேர்.
பச்சை என்றால் எழுதலாம்.
மஞ்சள் என்றால் யோசி.
சிவப்பு, ஓய்வு பெற்றவர் அல்லது காலமானவர்.
காலமானவர்கள் இரண்டு பேர்.
அவர்கள் எழுதினதுதான் எனக்கு நன்றாக விளங்கியது.

ஐம்பத்தெட்டாவது கட்டுரை வாவியின் அடிச்சேற்றில் ஈயம் பற்றியது.
மூன்றாம் பக்கத்தில் எங்கட வாவி,
பேனை எழுதுகிறதா என்று யாரோ கீறிப் பார்த்த கோடு மாதிரி.
அதில் பதினொரு புள்ளிகள்.
ஒவ்வொன்றின் எண்களையும் வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன்,
வேலை மெனக்கெட்டு.
ஏழாம் புள்ளி போய் விழுந்தது
ஆரையம்பதியில், ஒரு கலியாண மண்டபத்தின் சமையற்கட்டில்.

எனக்கு அந்த இடம் தெரியும்.
மச்சாளின் கலியாணம் அங்கேதான்.
வாவி அங்கிருந்து அரைக் கிலோமீற்றருக்கும் கூட, மேற்கே.
அங்கே சேறு அள்ளியிருந்தால்
அது பருப்புக் கறிதான்.

நன்றியுரையை வாசித்தேன்.
அறக்கட்டளைக்கு நன்றி, இலக்கத்தோடு.
கருவி தந்த கம்பனிக்கு நன்றி.
கடைசியில், உள்ளூர்ப் படகோட்டி ஒருவருக்கு.

'நான் மிகுந்த ஆர்வமுள்ள மாணவி' என்று தொடங்கும் கடிதம்
என்னிடம் தயாராக இருந்தது.
எழுபத்திரண்டு பேருக்கும் பொருந்தும் கடிதம்.
அதை அழித்துவிட்டு எழுதினேன்:
பேராசிரியர் அவர்களுக்கு,
உங்கள் ஏழாம் புள்ளி தரையில் இருக்கிறது.
அடுப்புக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் இடையில்.

நாலு செக்கனில் பதில்.
நெஞ்சு ஒருக்கா நின்று போனது.
'பனிச்சறுக்கப் போயிருக்கிறேன்.
திங்கள் வரை மின்னஞ்சல் பார்ப்பதில்லை.'
அது ஒரு இயந்திரம் எழுதினது.

திங்கள் போய் வியாழன் வந்தது.
எழுதினது அவரல்ல,
நடுவில் நெருங்கி நின்ற ஆறு பேரில் ஒருத்தி:
'பிழை என்னுடையது. படகு ஆடியது, கையுறை நனைந்திருந்தது.
மூன்றாம் தசமத்தில் ஒன்றை ஏழென்று வாசித்திருக்கிறேன்.
நான்கு வருடமாக ஒருவரும் சொல்லவில்லை.
அந்த இடத்தில் கண்டல் மரங்களா, இறால் பண்ணையா?
எனக்கு மறந்துவிட்டது.
போய்ப் பார்க்க முடியுமா?'

கோடைக்கால வேலை பற்றி ஒரு சொல் இல்லை.
இரண்டு தரம் வாசித்தேன்,
கீழே எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று.

சனிக்கிழமை போகிறேன்.
தம்பியின் சைக்கிளுக்கு முன் டயரில் காற்று நிற்காது,
பம்மையும் கட்டிக்கொண்டு போக வேண்டும்.

படுக்க முதல் விரிதாளைத் திறந்து
புதிதாய் ஒரு நிரல் போட்டேன்:
படகோட்டியின் பெயர்.
மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தேன்.
எழுபத்திரண்டு வரியிலும்
ஒன்றுமில்லை.